பேயின் நகக் கீறல்

குக்கர் விசில் அடிக்க மறுத்தால் நீங்கள் முதலில் எதைப் பார்ப்பீர்கள்? அடுப்பையா? அரிசியையா? இரண்டையும் இல்லை. மூடியைத் திறந்து அந்த ரப்பர் வளையத்தைத்தான் விரலால் தடவிப் பார்ப்பீர்கள். ஓரிடத்தில் மயிரிழை போல ஒரு விரிசல் இருந்தால் போதும். உள்ளே நெருப்பும் நீரும் எத்தனை பாடுபட்டாலும் ஆவி 'புஸ்'ஸென்று பக்கவாட்டில் ஓடிவிடும். பருப்பு வேகாது. வீட்டில் ஒன்பது மணிக்குக் கிளம்ப வேண்டியவர்களின் முகம் மட்டும் நன்றாக வெந்து விடும்!

இந்த வாரம் நான் சொல்லப் போவதும் ஏறக்குறைய இதே சமாசாரம்தான். வளையம் அல்ல, ஒரு பட்டை. சுண்டு விரல் நீளம்கூடத் தேறாது. அந்தப் பட்டை ஒழுங்காக உட்கார மறுத்ததால் ஜெர்மனியில் ஒரு பெயர் பெற்ற கம்பெனி தன் சுதந்திரத்தைப் பறிகொடுத்தது. அதே பட்டையை மல்லுக்கட்டி உட்கார வைத்ததால் ஜப்பானில் ஒரு கம்பெனி தலை நிமிர்ந்து நின்றது.

மோட்டார் எஞ்சின் கதைக்கு நம் பக்கத்தில் என்ன வேலை என்று முகத்தைத் திருப்பிக் கொள்ளாதீர்கள். உரலையும் ஆட்டுக்கல்லையும் அறிந்தவர்களுக்கு இந்தக் கதை சட்டென்று புரிந்து விடும்.

சாதாரணக் கார் எஞ்சின் இருக்கிறதே, அது உரலும் உலக்கையும் மாதிரி. உருளைக்குள்ளே பிஸ்டன் என்ற உலக்கை மேலே போகிறது, நிற்கிறது, கீழே வருகிறது, நிற்கிறது. நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை இந்தப் போக்குவரத்து. ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு குலுக்கல். அந்த மேல் கீழ் ஆட்டத்தைச் சக்கரத்தின் சுழற்சியாக மாற்ற வேண்டும். ஆவியை உள்ளே விடவும் புகையை வெளியே தள்ளவும் வால்வுகள், அவற்றைத் திறந்து மூட ஸ்பிரிங்குகள், பற்சக்கரங்கள், சங்கிலி... ஒரு பெரிய சம்சாரமே உள்ளே இருக்கிறது.

'எதற்காக இடிக்க வேண்டும்? ஆட்டினால் என்ன?' என்று கேட்டார் ஒருவர்.

அவர் பெயர் ஃபெலிக்ஸ் வாங்கெல். ஜெர்மனியில் லார் என்ற ஊரில் 1902இல் பிறந்தவர். காலேஜ் வாசலை மிதிக்காதவர். கிட்டப் பார்வைக்காரர். உலகத்துக்கே புதுமாதிரிக் கார் எஞ்சினைக் கொடுத்த அவர், ஆயுள் முழுவதும் கார் ஓட்டும் லைசென்ஸ் எடுத்ததே இல்லை! அவருடைய அரசியலைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். நாஜிக் கட்சியோடு அவருக்கு இருந்த உறவு மெச்சும்படியானது அல்ல. ஆனால் கற்பனை பெரிய கற்பனைதான்.

ஆட்டுக்கல்லின் குழியை மனசில் நினைத்துக் கொள்ளுங்கள். அது வட்டமாக இல்லாமல் வேர்க்கடலை ஓட்டைப் போல நடுவில் கொஞ்சம் இடை சிறுத்து இருக்கட்டும். அதற்குள் சுற்றும் குழவி உருண்டையாக இல்லாமல், பக்கங்கள் புடைத்த முக்கோணமாக இருக்கட்டும். குழவி எப்படிச் சுற்றினாலும் அதன் மூன்று முனைகளும் சுவரை விடாமல் தொட்டுக்கொண்டே போகும். அப்போது முக்கோணத்துக்கும் சுவருக்கும் இடையே மூன்று அறைகள் உண்டாகின்றன, அல்லவா? குழவி சுழலச் சுழல இந்த அறைகள் பெருக்கும், சிறுக்கும். பெருக்கும் அறை பெட்ரோல் ஆவியையும் காற்றையும் உள்ளே இழுத்துக் கொள்ளும். சிறுக்கும்போது அதை நெருக்கும். அந்த நேரம் பார்த்து ஒரு மின்பொறி! ஆவி வெடித்துக் குழவியைத் தள்ளும். பிறகு புகை வெளியே போகும். மேலும் கீழும் ஆட்டம் இல்லை, வால்வு இல்லை, சங்கிலி இல்லை. சுழற்சி, சுழற்சி, சுழற்சிதான். சிறிய எஞ்சின், குறைந்த எடை, நிறைய வேகம்.

ஆனால் மூன்று அறைகளும் தனித்தனியாக இருக்க வேண்டுமே! ஓர் அறையில் வெடித்த ஆவி பக்கத்து அறைக்குக் கசிந்தால் எல்லாம் வியர்த்தம். அதற்காகத்தான் முக்கோணத்தின் ஒவ்வொரு முனையிலும் பள்ளம் வெட்டி ஒரு பட்டையைச் செருகினார்கள். நம் குக்கர் வளையத்தின் வேலையேதான். ஆனால் குக்கர் வளையம் ஓரிடத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிறது. இந்தப் பட்டையோ, பக்கத்தில் நெருப்பு எரிய, நிமிஷத்துக்கு இரண்டாயிரம் சுற்று என்ற கணக்கில் சுவரை உரசிக்கொண்டே ஓட வேண்டும்!

வாங்கெலின் கற்பனைக்கு உருவம் கொடுத்தது என்.எஸ்.யூ. என்ற கம்பெனி. 1873இல் பின்னல் யந்திரங்கள் செய்யப் புறப்பட்டு, சைக்கிளுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் காருக்கும் தாவிய கம்பெனி அது. 1957 பிப்ரவரி முதல் தேதி அங்கே முதல் சுழல் எஞ்சின் ஓடியது. செய்தி பரவியதும் உலகத்துப் பெரிய கம்பெனிகளெல்லாம் அனுமதி வாங்க அந்த வாசலில் வந்து நின்றன.

அப்படி வந்தவர்களில் ஹிரோஷிமாக்காரர் ஒருவரும் இருந்தார்.

★

ஹிரோஷிமா என்றதும் உங்களுக்கு 1945 ஆகஸ்டு 6ஆம் தேதிதான் நினைவுக்கு வரும். அந்த ஊரின் ஓரத்தில் ஒரு தொழிற்சாலை இருந்தது. பெயர் டோயோ கோக்யோ. 1920இல் கார்க் கம்பெனியாகத் தொடங்கியது. ஆமாம், பாட்டில் மூடுகிறோமே, அந்தக் கார்க்தான்! பிறகு சரக்கு ஏற்றும் மூன்று சக்கர வண்டிகளைச் செய்து பேர் வாங்கியது. அணுகுண்டு விழுந்த அன்று ஊருக்கும் தொழிற்சாலைக்கும் நடுவே ஹிஜியாமா என்ற சிறு குன்று ஒன்று நின்றது. அந்தக் குன்று மறைத்ததால் தொழிற்சாலைக் கட்டடங்கள் பெருமளவுக்குத் தப்பின. காயம் பட்டவர்களுக்கு ஆஸ்பத்திரியாகவும், இடிந்து போன சர்க்கார் கச்சேரிகளுக்குப் புகலிடமாகவும் கொஞ்ச காலம் அதுவே இருந்தது. அந்த வருஷம் முடிவதற்குள் அதே தொழிற்சாலை மறுபடி மூன்று சக்கர வண்டிகளைச் செய்யத் தொடங்கியது. சாம்பலாகிப் போன ஊரில் பல்லாயிரம் குடும்பங்களுக்கு அது சோறு போட்டது. அந்தக் கம்பெனிக்குத் தான் செய்யும் வண்டிகளுக்கு வைத்திருந்த பெயர் உங்களுக்குத் தெரிந்ததுதான்: மாஸ்டா.

1960இல் இந்தக் கம்பெனிக்கு ஒரு புதுக் கண்டம் வந்தது, குண்டு வடிவில் அல்ல, காகித வடிவில். 'நம் நாட்டில் கார்க் கம்பெனிகள் அதிகம். எல்லாவற்றையும் இரண்டு மூன்று கூட்டமாகச் சேர்த்துவிட்டால் தேவலை' என்று டோக்கியோ அதிகாரிகள் யோசனை செய்தார்கள். டோயோ கோக்யோ அப்போதுதான் கார் செய்யத் தொடங்கியிருந்த சின்னக் கம்பெனி. பெரிய கம்பெனி ஏதாவது ஒன்று அதை விழுங்கிவிடும் என்பது நிச்சயமாகத் தெரிந்தது. தலைவர் ட்சுனேஜி மட்சுடா யோசித்தார். மற்றவர்களிடம் இல்லாத ஏதாவது ஒன்று நம்மிடம் இருந்தால்தான் நம்மைத் தனியே விடுவார்கள். புறப்பட்டு ஜெர்மனி போனார். 1961இல் என்.எஸ்.யூ.வோடு ஒப்பந்தம் கைக்கு வந்தது.

கல்யாணம் முடிந்த பிறகுதானே பெண் வீட்டாரின் கடன் கணக்கு வெளியே வரும்? அது போல ஆயிற்று. வேலை பழகப் போன ஜப்பானிய இஞ்சினீயர்களுக்கு ஜெர்மனியில்தான் விஷயம் தெரிந்தது. எஞ்சின் ஓடுகிறது, வாஸ்தவம். ஆனால் கொஞ்ச காலம் ஓடிய பிறகு பிரித்துப் பார்த்தால், கண்ணாடி போல இருக்க வேண்டிய உட்சுவரில் வரிவரியாகக் கோடுகள்! துணி துவைக்கும் பலகையில் இருக்குமே, அப்படி அலை அலையான மேடு பள்ளம். அதன் மேல் பட்டை ஓடினால் என்ன ஆகும்? தடதடவென்று துள்ளும், சக்தி கசியும், கடைசியில் எஞ்சின் மூச்சை விடும்.

ஹிரோஷிமாவில் தாங்களே செய்து பார்த்த முதல் எஞ்சினும் அதே லட்சணத்தில்தான் இருந்தது. மெதுவாக ஓட்டினால் கார் உதறியது. எண்ணெயைக் குடித்து வெள்ளைப் புகை கக்கியது. பிரித்துப் பார்த்தால் அந்த வரிகள்! இஞ்சினீயர்கள் அவற்றுக்கு ஒரு பெயர் வைத்தார்கள்: 'பேயின் நகக் கீறல்'.

1963 ஏப்ரலில் இந்த எஞ்சினுக்கென்றே தனிப் பிரிவு ஒன்றை ஏற்படுத்தினார்கள். தலைமை கெனிச்சி யாமமோட்டோ. டோக்கியோ சர்வகலாசாலையில் இஞ்சினீயரிங் படித்துவிட்டு, யுத்தத்துக்குப் பிறகு இந்தத் தொழிற்சாலையில் சாதாரணத் தொழிலாளியாகக் கையில் ஸ்பானர் பிடித்துத் தொடங்கியவர் அவர். இந்த எஞ்சினில் ஆரம்பத்தில் அவருக்கே அவ்வளவு நம்பிக்கை இல்லை என்கிறார்கள். ஆனால் பொறுப்பு தலையில் வந்து விழுந்த பிறகு பின்வாங்கவில்லை. அவரிடம் வந்து சேர்ந்த இஞ்சினீயர்கள் நாற்பத்தேழு பேர்.

இந்த நாற்பத்தேழு என்ற எண் ஜப்பானியருக்கு மேனி சிலிர்க்க வைக்கும் எண். தங்கள் பிரபுவின் மரணத்துக்குப் பழி தீர்க்க ஒரு வருஷத்துக்கு மேல் அவமானங்களைச் சகித்துக் காத்திருந்து, 1703இல் காரியத்தை முடித்து உயிரையும் கொடுத்த நாற்பத்தேழு வீரர்களின் கதை அங்கே குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். அந்தப் பிரபுவின் குடும்பம் ஹிரோஷிமாவை ஆண்ட அசானோ வம்சத்தின் கிளை. யாமமோட்டோ இதைத் தம் ஆட்களுக்கு நினைவூட்டினார். இனிமேல் தூங்கினாலும் விழித்தாலும் இந்த எஞ்சின்தான் நினைவில் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

ஆண்பிள்ளைகள் சுலபமாகச் சபதம் செய்துவிடுகிறார்கள்! அந்த நாற்பத்தேழு வீடுகளில் ராச்சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு வாசலைப் பார்த்துக் கொண்டிருந்தவர்களைப் பற்றி நான் படித்த எதிலும் ஒரு வரி இல்லை. இருந்திருந்தால் இந்தக் கதையில் இன்னொரு பாதியும் நமக்குத் தெரிந்திருக்கும்.

★

நகக் கீறலுக்குக் காரணம் என்ன? பட்டை மெத்தென்று இருப்பதா, கடினமாக இருப்பதா? முதலில் எல்லோரும் நினைத்தது, தகுந்த பொருள் கிடைத்தால் போதும் என்பதுதான். விதவிதமான உலோகங்களைச் செருகிப் பார்த்தார்கள். யந்திரங்களில் பயன்படும் கடினமான கற்களைப் போட்டுப் பார்த்தார்கள். மாட்டெலும்பு, குதிரை எலும்பு வரைக்கும் போய்விட்டார்கள் என்றால் பாருங்களேன்! ஒரு பொருளைப் போடுவது, ஓட்டுவது, பிரிப்பது, விளக்கு வெளிச்சத்தில் சுவரைப் பார்ப்பது, வரிகள். மறுபடி வேறு பொருள். மறுபடி வரிகள். இதற்கு எத்தனை பொறுமை வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். பணத்தையும் விழுங்கிக் கொண்டிருந்தது. 'இது உருப்படுமா?' என்று கம்பெனிக்குள்ளேயே முணுமுணுப்புக் கிளம்பியது.

அப்புறம்தான் ஒருவழியாகக் கேள்வியையே மாற்றினார்கள். பட்டை எதனால் செய்யப்பட்டது என்பதை விடுங்கள், அது எப்படி ஆடுகிறது?

பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கரும்பலகையில் எழுதும்போது சாக்பீஸ் சில சமயம் 'க்ரீச்' என்று பல்லைக் கூச வைக்குமே, நினைவிருக்கிறதா? சாக்பீஸ் வழுக்கிக்கொண்டு போவதற்குப் பதில் ஒட்டி, நழுவி, ஒட்டி, நழுவித் துள்ளுகிறது. அந்தத் துள்ளலின் சத்தம்தான் அது. பலகையை உற்றுப் பார்த்தால் கோட்டுக்குப் பதில் புள்ளி புள்ளியாகக்கூட இருக்கும். அனுபவப்பட்ட வாத்தியார் என்ன செய்வார்? சாக்பீஸை இரண்டாக ஒடித்துத் துண்டை வைத்து எழுதுவார். சத்தம் நின்று போகும். பலகையும் மாறவில்லை, சுண்ணாம்பும் மாறவில்லை. நீளம் குறைந்ததால் அது துள்ளும் கதி மாறிவிட்டது, அவ்வளவுதான். வீணைத் தந்தியில் விரலை நகர்த்தினால் ஸ்வரம் மாறுகிற மாதிரி.

எஞ்சின் பட்டையும் இதையேதான் செய்து கொண்டிருந்தது. சுவரை உரசும்போது தன் சொந்த ஸ்வரத்தில் அதிர்ந்து, துள்ளித் துள்ளிச் சுவரைக் கொத்தியது. அந்தக் கொத்தல்தான் பேயின் நகம். ஆகவே பட்டையின் ஸ்வரத்தை மாற்ற வேண்டும்! உலோகப் பட்டையின் நுனிக்கருகே நீள வாட்டத்தில் ஒரு துளையும், குறுக்கே இன்னொரு துளையும் சிலுவை போலப் போட்டார்கள். போட்டு ஓட்டினார்கள். அதிவேகத்தில் முந்நூறு மணி நேரம், அதாவது பன்னிரண்டு நாளைக்கு மேல் நிற்காத ஓட்டம். பிரித்துப் பார்த்தார்கள்.

வரிகள் இல்லை.

இந்த இடத்தில் கதை முடிந்திருந்தால் நன்றாயிருக்கும். ஆனால் சோதனைச் சாலையில் ஓடுவது வேறு, ஆயிரக்கணக்கில் செய்து விற்பது வேறு. ஒரு பட்சணத்தை நாம் பத்துப் பேருக்குச் செய்வதற்கும் கல்யாணச் சமையலில் செய்வதற்கும் உள்ள வித்தியாசம்! இத்தனை நுணுக்கமான துளைகளைத் தொழிற்சாலையில் மொத்தமாகப் போட முடியாது. நோயின் காரணம் தெரிந்துவிட்டது; மருந்துதான் வேறு வேண்டும். கார்பன் செய்யும் ஜப்பானியக் கம்பெனி ஒன்றோடு சேர்ந்து உட்கார்ந்தார்கள். பென்சில் குச்சி காகிதத்தின் மேல் வழுவழுவென்று போகிறதல்லவா? கார்பனுக்கு இயற்கையாகவே அந்த வழவழப்பு உண்டு. ஆனால் ஒடிந்து விடும். அதனால் கார்பனின் நுண்ணிய துவாரங்களுக்குள் உருகிய அலுமினியத்தைப் புகட்டி உறுதியாக்கினார்கள். சுவருக்குக் கெட்டியான குரோமிய முலாம். இரண்டுக்கும் பொருத்தம் பிரமாதமாக அமைந்துவிட்டது.

மற்ற வியாதிகளும் ஒவ்வொன்றாகத் தீர்ந்தன. ஒரே குழவி இருந்தால் உதறுகிறதா? இரண்டு குழவிகளை ஒன்றுக்கொன்று எதிராகப் பூட்டு. மெதுவாகப் போகும்போது ஆவி சரியாக எரியவில்லையா? ஆவி நுழையும் வாசலைச் சுற்றுச் சுவரில் வைக்காதே, பக்கத்துச் சுவரில் வை. புகைக்கு எண்ணெய் அடைப்பை மாற்று. சொல்லும்போது நாலு வரி. செய்யும்போது நாலு வருஷம்.

1964இல் டோக்கியோ மோட்டார் காட்சியில் 'காஸ்மோ ஸ்போர்ட்' என்ற மாதிரிக் காரை வைத்தபோது கூட்டம் மொய்த்தது. ஆனாலும் உடனே விற்கவில்லை. இன்னும் ஓட்டிப் பார்த்து, இன்னும் திருத்தி, 1967 மே மாதம்தான் கடைக்கு அனுப்பினார்கள். இரண்டு அறைகளும் சேர்த்து 982 சி.சி. ஒரு லிட்டர் பாட்டில்கூட நிறையாது. அதிலிருந்து 110 குதிரைச் சக்தி! மணிக்கு 185 கிலோமீட்டர் வேகம். அடுத்த ஆண்டு ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் மலைப் பாதையில் 84 மணி நேரப் பந்தயத்துக்கு இரண்டு காஸ்மோக்களை அனுப்பினார்கள். ஒன்று 82ஆவது மணியில் அச்சு முறிந்து நின்றது. மற்றது நாலாவதாக வந்து சேர்ந்தது. முறிந்தது அச்சு, எஞ்சின் அல்ல என்பதைக் கவனியுங்கள்.

சரி, எஞ்சினைப் பெற்ற வீடான என்.எஸ்.யூ. என்ன ஆயிற்று? அவர்களும் 1967இல் 'ரோ 80' என்று கண்ணைப் பறிக்கும் கார் ஒன்றை வெளியிட்டார்கள். பத்திரிகைகள் புகழ்ந்தன; 1968ஆம் ஆண்டின் சிறந்த கார் என்ற பட்டமும் கிடைத்தது. ஆனால் முனைப் பட்டைகள் தேய்ந்து, வாங்கியவர்கள் எஞ்சினைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார்கள். கம்பெனியோ சளைக்காமல் இலவசமாக மாற்றிக் கொடுத்தது. வழியில் ஒரு ரோ 80 இன்னொன்றைக் கண்டால், இதுவரை எத்தனை எஞ்சின் மாற்றியாயிற்று என்பதை விரல் விட்டுக் காட்டிக்கொண்டு போவார்களாம்! சிரிப்பாக இருக்கிறது, ஆனால் 1969இல் அந்தக் கம்பெனி வோக்ஸ்வாகனின் குடைக்குள் போய்ச் சேர்ந்தது.

★

ஹிரோஷிமாக்காரர்களுக்கும் சுக்கிர தசை நீடிக்கவில்லை. 1973இல் பெட்ரோல் நெருக்கடி வந்தது. இந்த எஞ்சினுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு: பெட்ரோலைத் தாராளமாகக் குடிக்கும். மூன்று அறைகளும் நீண்டு தட்டையாக இருப்பதால் ஆவி முழுவதும் எரிவதற்குள் சூடெல்லாம் சுவர் வழியே போய்விடுகிறது. அகலப் பாத்திரத்தில் காப்பியை ஊற்றினால் சீக்கிரம் ஆறிப் போவதில்லையா? அமெரிக்காவில் விற்காத கார்கள் குவிந்தன. கம்பெனி கடனில் தத்தளித்தது. பாங்கு வந்து கை கொடுக்க வேண்டியதாயிற்று. தொழிற்சாலையில் ஸ்பானர் பிடித்த ஆயிரக்கணக்கான கைகளைக் கார் விற்க வீடு வீடாக அனுப்பினார்கள். எந்த எஞ்சின் கம்பெனியைக் காப்பாற்றியதோ, அதுவே இப்போது கழுத்தைப் பிடித்தது.

அனுமதி வாங்கியிருந்த பெரிய கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் கை கழுவிவிட்டன. யாமமோட்டோவின் ஆட்கள் கழுவவில்லை. குடியை நாற்பது சதவிகிதம் குறைப்பது என்று கணக்கு வைத்து மறுபடி சோதனைச் சாலைக்குள் புகுந்தார்கள். 1978இல் 'ஆர்.எக்ஸ். 7' என்ற கார் வெளியாகி மானத்தை மீட்டது.

இன்னும் ஒரு கடன் பாக்கி இருந்தது. பிரான்சில் ல மான் என்ற ஊரில் வருஷந்தோறும் 24 மணி நேரக் கார்ப் பந்தயம் நடக்கிறது. ராவும் பகலும் ஓயாத ஓட்டம். ஜப்பானியக் கார் எதுவும் அதில் ஜெயித்ததில்லை. இவர்கள் எழுபதுகளிலிருந்தே படையெடுத்துக் கொண்டிருந்தார்கள். 1990இல் புதிய எஞ்சினோடு போய், ஓட்டத்தின் நடுவிலேயே நின்று, தலை குனிந்து திரும்பினார்கள். பந்தய விதிகள் மாறப் போகின்றன, சுழல் எஞ்சினுக்கு இனி அங்கே இடமில்லை என்ற நிலையில் 1991 ஜூனில் மறுபடி போனார்கள்.

அந்தக் காரின் பெயர் 787பி. ஆரஞ்சும் பச்சையுமாக, ஸ்வெட்டரில் போடுகிற சாய்சதுரக் கட்டம் போட்டு வந்தது. பணம் கொடுத்தது ஓர் ஆயத்த ஆடைக் கம்பெனி! உள்ளே நான்கு குழவிகள், சுமார் 700 குதிரைச் சக்தி. முனைப் பட்டைகள் இம்முறை பீங்கான் இனம். எலும்பிலிருந்து எவ்வளவு தூரம் வந்துவிட்டார்கள், பாருங்கள். ஒவ்வொரு குழவிக்கும் இரண்டுக்குப் பதில் மூன்று பொறிகள், ஆவி வீணாகாமல் எரிவதற்காக. காற்று வரும் குழாய்கள் வேகத்துக்குத் தக்கபடி நீண்டு சுருங்கும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தப் பந்தயத்தில் பெட்ரோல் ரேஷன்! ஒரு காருக்கு 24 மணி நேரத்துக்கும் சேர்த்து 2,550 லிட்டர்தான். தீர்ந்தால் தீர்ந்ததுதான். ஊரெல்லாம் குடிகாரன் என்று தூற்றிய எஞ்சின், அளந்து கொடுத்த பெட்ரோலில் ஓட வேண்டும். ஜாக்வார்கள் பெட்ரோலை மிச்சம் பிடிக்க வேகத்தைக் கட்டுப்படுத்திக்கொண்டு ஓடின. இவர்கள் ஓட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை பகலில், முடிய மூன்று மணி நேரம் இருக்கும்போது, முன்னே போய்க் கொண்டிருந்த மெர்சிடிஸ் கொதித்து நின்றது. அப்புறம் முன்னால் யாரும் இல்லை. 362 சுற்றுகள், ஏறக்குறைய 4,920 கிலோமீட்டர். இரண்டாவதாக வந்த ஜாக்வார் இரண்டு சுற்றுப் பின்னால்.

கடைசியில் ஓட்டி வந்த ஜானி ஹெர்பர்ட் என்ற இங்கிலீஷ்கார இளைஞர், உடம்பில் நீர் வற்றி, காரை விட்டு இறங்கியதும் சாய்ந்துவிட்டார். கூட ஓட்டிய வைட்லரும் கஷோவும் மேடையில் நின்றபோது அவர் டாக்டர்களின் கையில் இருந்தார். இருபது வருஷம் கழித்து, 2011இல், அதே காரை அதே பாதையில் காட்சிக்காக ஓட்டிவிட்டு அந்த மேடையில் ஏறினார். அப்போதும் கார் ஓடியது!

யாமமோட்டோ அந்த வெற்றியைக் கண்ணால் காணக் கொடுத்து வைத்தவர். 1984 முதல் 87 வரை கம்பெனியின் தலைவராக இருந்தார். 2017 டிசம்பரில் 95ஆவது வயதில் காலமானார். பந்தயத்துக்குப் பிறகு எஞ்சினை ஜப்பானுக்குக் கொண்டு போய்ப் பிரித்தார்கள். தேய்மானம் பெரிதாக ஒன்றும் இல்லை. பூட்டினால் மறுபடி ஓடியிருக்கும்.

சுழல் எஞ்சின் கார்கள் 2012இல் நின்றன. புகைச் சட்டங்களும் பெட்ரோல் கணக்கும் அதற்கு இடம் கொடுக்கவில்லை. 2023இல் ஹிரோஷிமாவில் அதை மறுபடி செய்யத் தொடங்கினார்கள், வேறு வேலைக்காக. மின்சாரக் காரின் முன்பக்கத்தில் ஒரு மூலையில் அடக்கமாக உட்கார்ந்து, சக்கரத்தைத் தொடாமல், பாட்டரிக்கு மின்சாரம் மட்டும் உண்டாக்கிக் கொடுக்கிறது. ஒரே ஒரு குழவிதான், 830 சி.சி. அதற்கும் மூன்று முனைகள். முனைக்கு ஒரு பட்டை.